தூர்ந்த கிணறுகளும் தோண்டும் கைகளும்

(படைப்பின் காலத்தையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரையின் எழுத்து வடிவம். இறைவார்த்தை: தொடக்க நூல் 26:12-33)



செப்டம்பர் முதல் நாளில் தொடங்கி, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4ஆம் நாள் வரை படைப்பின் காலத்தைக் கொண்டாடுகிறோம். இந்த நாள்களில் நம் பங்குகளில் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. மறைக்கல்வி மாணவர்கள் ஓவியம் வரைகின்றனர். நல்ல காரியங்கள்தாம். ஆனால் சென்ற ஆண்டு நட்ட கன்றுகளில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் சற்றே தலைகுனிய வேண்டியிருக்கும். கன்று நட நமக்குக் கைகள் இருந்தன. அதற்கு ஊற்ற நம் ஊரில் தண்ணீர் இல்லை.

ஆகவே இன்று தண்ணீரைப் பற்றிச் சிந்திப்போம். முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் பணியாற்றிய பங்கு ஒன்று வறண்ட பூமியில் இருந்தது. ஆலயத்துக்குப் பின்னால் ஓர் ஊருணி. ஊருணி என்று சொன்னால் உங்களுக்கு நீர்ப்பரப்பு நினைவுக்கு வரும். நாங்கள் கண்டது சீமைக்கருவேல மரங்களும், திருவிழா முடிந்து வீசப்பட்ட காகிதத் தட்டுகளும்தான். பாஸ்கா திருவிழிப்புக்கு முந்தைய நாள், தண்ணீரை மந்திரிப்பதற்காக 20 லிட்டர் கேன்கள் நான்கை வாங்கி வந்து பீடத்தின் அருகே வைத்தோம். அதைப் பார்த்த முதியவர் ஒருவர் சொன்னார்: "சாமி, எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த தண்ணி இந்த ஊருணித் தண்ணி. எங்க அப்பாவுக்கும் அதுதான். என் பேரனுக்குத்தான் கடைத் தண்ணி."

அவர் குறையாகச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிரவு, உயிர்ப்புத் திரியை அந்தத் தண்ணீரில் அமிழ்த்திய நேரத்தில், அவருடைய வார்த்தை எங்கள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. புதுவாழ்வின் அடையாளமாக நாம் மந்திரிக்கும் தண்ணீரை நம்முடைய மண் இனித் தருவதில்லை. விலைக்கு வாங்குகிறோம்.

இதைவிட வருத்தமான ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு கோடையில் ஆலய வளாகத்து ஆழ்குழாய்க் கிணறு வற்றியது. பங்குப்பேரவை கூடியது. இன்னும் ஆழமாகப் போடுவது என்று தீர்மானித்தோம். போட்டோம். தண்ணீர் வந்தது. நன்றித் திருப்பலியும் ஒப்புக்கொடுத்தோம். ஒரு மாதத்துக்குள் பக்கத்துத் தெருவின் கையடிக் குழாய் நின்றுபோனது. அந்தத் தெருவில் நம் பங்கு மக்கள் யாரும் இல்லை. எனவே அந்தச் செய்தி பங்குப்பேரவையின் எந்தக் கூட்டத்திலும் பேசப்படவில்லை.

அன்பார்ந்தவர்களே, இந்தப் பின்னணியில்தான் தொடக்க நூலின் 26ஆம் அதிகாரத்தை அழைத்து வருகிறோம். ஆபிரகாமைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். யாக்கோபைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். நடுவில் இருக்கும் ஈசாக்கு அமைதியானவர். அவர் தனியாக நின்று செய்த பெரிய செயல் எது என்று தேடினால், விவிலியம் காட்டுவது ஒன்றைத்தான்: அவர் கிணறு தோண்டினார்.

நாட்டில் பஞ்சம். ஈசாக்கு கெராரில் பெலிஸ்தியர் நடுவே வாழ்கிறார். ஆண்டவர் ஆசி வழங்க, விதைத்தது நூறு மடங்கு விளைகிறது. அண்டை வீட்டாருக்குப் பொறாமை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆபிரகாம் காலத்தில் தோண்டப்பட்ட கிணறுகளை மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். அந்தக் கிணறுகளைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம் என்று மூடிவிட்டார்கள். பகை முற்றினால் மனிதர் தம் தாகத்தையும் மறந்துவிடுவர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஈசாக்கு சண்டைக்குப் போகவில்லை. தந்தையின் கிணறுகளை மறுபடியும் தோண்டுகிறார். தந்தை வைத்த அதே பெயர்களையே அவற்றுக்கு வைக்கிறார். பிறகு பள்ளத்தாக்கில் புதிதாகத் தோண்ட, ஊற்று வருகிறது. உடனே அந்த ஊர் மேய்ப்பர்கள் வந்து, தண்ணீர் தங்களுடையது என்று வாதாடுகிறார்கள். அவர் விட்டுக்கொடுத்துவிட்டு இன்னொன்று தோண்டுகிறார். அதற்கும் சண்டை. மூன்றாவதாகத் தோண்டிய கிணற்றுக்குத்தான் சண்டை இல்லை. முதல் இரண்டுக்கும் வாக்குவாதம், பகை என்று பொருள்படும் பெயர்கள். மூன்றாவதற்கு அவர் வைத்த பெயருக்கு, 'தாராளமான இடம்' என்பது பொருள். எல்லாருக்கும் இடமுண்டு என்று ஆன பிறகுதான் அந்தத் தண்ணீர் தண்ணீராகிறது.

இது நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய கதை என்று நினைக்கிறீர்களா? நம் நாட்டிலேயே, நம் காலத்திலேயே இதே கதை நடந்திருக்கிறது. இராஜஸ்தான் மாநிலம், ஆல்வார் மாவட்டம்.

ஆரவல்லி மலையடிவாரம் அது. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லி மீட்டர் மழைதான் பெய்யும். அதுவும் ஏறக்குறைய முழுவதும் தென்மேற்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். தமிழ்நாட்டின் சராசரி மழை 900 மில்லி மீட்டருக்கும் மேல் என்பதை இங்கே நினைத்துக்கொள்வோம். அந்தக் குறைந்த மழையைக் கொண்டே அங்குள்ள முன்னோர் வாழ்ந்தார்கள். சரிவான நிலத்தின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை எழுப்பி, ஓடி வரும் மழைநீரைத் தேக்கினார்கள். அதற்கு 'ஜோஹட்' என்று பெயர். தேங்கிய நீரைக் கால்நடைகள் குடிக்கும். மீதி மெல்லமெல்ல நிலத்துக்குள் இறங்கிக் கீழேயுள்ள கிணறுகளில் ஊறும். நீர் வற்றிய பிறகு அந்த ஈரத்தரையில் பயிர் வைப்பார்கள்.

காலம் மாறியது. மலைக்காடுகள் வெட்டப்பட்டன. மரம் போன மலையிலிருந்து மண் இறங்கி ஜோஹட்களை நிரப்பியது. தூர்வார ஊர் கூடுவது நின்றது. கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. ஆண்கள் பிழைப்புக்காக தில்லிக்கும் சூரத்துக்கும் அகமதாபாத்துக்கும் போனார்கள். பெண்கள் குடங்களோடு மைல் கணக்கில் நடந்தார்கள். அங்கே ஓடிய ஆர்வாரி என்ற சிற்றாறு, மழை நாளில் மட்டும் வந்து போகும் ஓடையாகிவிட்டது. பெலிஸ்தியர் யாரும் வந்து தூர்க்கவில்லை. மறதியும் பேராசையும் சேர்ந்து தூர்த்துவிட்டன.

1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இராஜேந்திர சிங் என்ற இளைஞர் அரசு வேலையை விட்டுவிட்டு, நண்பர்கள் சிலரோடு அந்தப் பகுதிக்கு வந்தார். தருண் பாரத் சங் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அவருக்கு ஆயுர்வேத மருத்துவம் தெரியும். மக்களுக்கு வைத்தியம் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தலாம் என்பது அவர்களுடைய எண்ணம். கோபால்புரா என்ற சிற்றூரில் மாங்கு என்ற பெரியவர், மருந்தும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம், முதலில் தண்ணீருக்கு வழி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். தூர்ந்துகிடந்த ஜோஹட்டைக் காட்டி, மண்வெட்டியை எடுக்கச் சொன்னார்.

படித்த இளைஞருக்கு இது எப்படி இருந்திருக்கும்! உடன் வந்த நண்பர்களில் சிலர் சலித்துத் திரும்பிவிட்டார்கள். அவர் தோண்டினார். மாதக்கணக்கில் தோண்டினார். மெல்ல ஊராரும் சேர்ந்தார்கள். மழை வந்தது. ஜோஹட் நிரம்பியது. கொஞ்ச நாளில், வருடக்கணக்கில் வறண்டிருந்த பக்கத்துக் கிணறுகளில் ஈரம் தெரிந்தது. பிறகு நீர் ஏறியது.

செய்தி ஊர் ஊராகப் பரவியது. ஆர்வாரியின் தலைப்பகுதியில் இருந்த பாவந்தா, கோல்யாலா என்ற இரட்டை ஊர்களின் மக்களும் அடுத்த ஆண்டுகளில் களத்தில் இறங்கினார்கள். எங்கே கரை போட வேண்டும், எந்தச் சரிவில் நீர் எப்படி வரும் என்பதை ஆடு மேய்த்த முதியவர்களே சொன்னார்கள். ஊராரும் தங்கள் உழைப்பை, பொருளைப் போட வேண்டும் என்பது விதி. சும்மா வந்தது சும்மாவே போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இப்படி ஆற்றின் நீர்ப்பிடிப்பு முழுவதும் 375 சிறிய தடுப்புகள் எழுந்தன. ஆற்றின் நீளமோ வெறும் 45 கிலோ மீட்டர்தான்.

பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. அவரவர் கிணற்றில் நீர் ஊற வேண்டும் என்றுதான் ஒவ்வோர் ஊரும் கரை கட்டியது. நிலத்துக்குள் இறங்கிய நீர், மலையடிவாரத்தில் கசிந்து கசிந்து, இறந்துபோன ஆற்றைத் தொட்டது. மழைக்குப் பிறகும் சில மாதங்கள் ஆறு ஓடியது. 1995 வாக்கில் ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது. கிணறு கேட்டவர்களுக்கு ஆறே கிடைத்தது. நாம் கேட்பதற்கும் நினைப்பதற்கும் மேலாகத் தரும் இறைவனின் கைவண்ணத்தை இதில் நாம் காணலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கொடை, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைகளில் வந்து இறங்கியது.

சகோதர சகோதரிகளே, பெரும்பாலான கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். தண்ணீர் வந்தது, சுபம். ஆனால் ஈசாக்குக்குத் தண்ணீர் வந்த பிறகுதானே சண்டை வந்தது? இங்கும் அப்படித்தான். ஆற்றில் தண்ணீர் வந்தது. தண்ணீரில் மீன் வந்தது. 1996ஆம் ஆண்டில், அந்த மீனைப் பிடிக்கும் உரிமையை அரசு ஒரு குத்தகைதாரருக்குக் கொடுத்தது. வறண்டு கிடந்தபோது யாரும் உரிமை கொண்டாடாத ஆறு அது. ஊர்மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். குத்தகை நீக்கப்பட்டது.

அப்போது அவர்கள் தங்களைத் தாங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்தவரைத் தடுத்துவிட்டோம். நம்மில் ஒருவரே நாளைக்குப் பெரிய மோட்டார் வைத்து ஆற்றை உறிஞ்சினால் யார் தடுப்பது? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ஆர்வாரி நதிநீர் நாடாளுமன்றம். 1999ஆம் ஆண்டு சனவரி 26, நம் குடியரசு நாளன்று, ஹமீர்புரா என்ற ஊரில் அது முதன்முதலாகக் கூடியது. ஆற்றின் நீர்ப்பிடிப்பில் இருக்கும் 70க்கும் மேற்பட்ட ஊர்களின் பிரதிநிதிகள் அதில் உறுப்பினர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை கூடுவது என்று முடிவெடுத்தார்கள். தங்களுக்கென்று விதிகள் வகுத்துக்கொண்டார்கள். நீரை மிகுதியாகக் குடிக்கும் கரும்பும் நெல்லும் இங்கே வேண்டாம். ஆழ்குழாய் போட்டு நீரை உறிஞ்சி விற்கக் கூடாது. பச்சை மரத்தை வெட்டக் கூடாது. வேட்டை கூடாது. மேய்ச்சலுக்கு அளவு வேண்டும்.

இந்த நாடாளுமன்றத்துக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. காவல்துறை கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாழ வேண்டும் என்ற உணர்வுதான் அதன் அதிகாரம். 2000ஆம் ஆண்டில் அன்றைய குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் அந்தப் பகுதிக்கு நேரில் சென்று பாவந்தா-கோல்யாலா மக்களுக்கு விருது வழங்கினார். இராஜேந்திர சிங் 2001இல் மகசேசே விருதும், 2015இல் ஸ்டாக்ஹோம் நீர் விருதும் பெற்றார். இவற்றையெல்லாம்விட, கிராமத்துப் பெரியவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு அவர் மண்வெட்டி எடுத்த அந்த நாள்தான் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்த மக்கள் நமக்குக் கற்றுத்தரும் பாடங்கள் பல. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதல் பாடம், கேட்பது. நன்மை செய்யப் போகும்போது, எது நன்மை என்பதை நாமே முடிவுசெய்துகொண்டு போகிறோம். பங்குகளிலும் இது நடக்கிறது. திட்டம் மேலிருந்து வருகிறது. சுவரொட்டி அச்சடிக்கப்படுகிறது. அந்த மண்ணிலேயே பிறந்து, மழை எந்தப் பக்கம் இறங்கும் என்று அறிந்திருக்கும் பாட்டியிடம் யாரும் கேட்பதில்லை. ஈசாக்கு, தந்தையின் கிணறுகளைத் தேடிப் போனார். பழைய பெயர்களையே வைத்தார் என்று பார்த்தோம். பெயர் தெரிந்தால் இடம் தெரியும். இடம் தெரிந்தால் ஊற்று தெரியும். நம் ஊரில் எத்தனை குளங்களின் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்? வரத்துக்கால், மடை, கலங்கல் என்ற சொற்கள் அவர்கள் காதில் விழுந்திருக்கின்றனவா? சொல் போன பின் பொருள் போவதற்கு நேரம் ஆகாது.

இரண்டாம் பாடம், எல்லை. ஆர்வாரி மக்கள் தங்கள் நாடாளுமன்றத்தின் எல்லையை மாவட்டத்தைக் கொண்டோ, சாதியைக் கொண்டோ வகுக்கவில்லை. எந்த ஊரில் விழும் மழை இந்த ஆற்றுக்கு வருகிறதோ, அந்த ஊர் உறுப்பினர். அவ்வளவுதான். தண்ணீர் வகுத்த எல்லை அது. அதாவது இறைவன் மலையையும் பள்ளத்தையும் படைத்தபோது வகுத்த எல்லை.

இது நமக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் என்ற குழுவைக் குறிப்பிடுகிறது. ஏரியைக் காப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. நம் கண்மாய்கள் ஒன்று நிரம்பி அதன் மறுகால் அடுத்த கண்மாய்க்குப் போகுமாறு சங்கிலியாக அமைந்தவை. வைகை ஆற்று நீர் வழியெல்லாம் கண்மாய்களை நிரப்பிவிட்டு இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேரும். ஆண்டுதோறும் ஊரே கூடி வரத்துக்காலை வெட்டி, கரையைப் பலப்படுத்தும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். தமிழ்நாட்டில் இருக்கும் ஏரி, கண்மாய்கள் சுமார் 39 ஆயிரம். ஆல்வார் மக்கள் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. நாம் தூர்வாரினாலே போதும்.

ஆனால் பழையது எல்லாம் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கண்மாயின் நீர் எல்லா நிலத்துக்கும் ஒரே மாதிரி பாயவில்லை. எல்லாக் கைகளும் அதே படித்துறையில் இறங்க முடியவில்லை. கரையை வெட்டிச் சுமந்த கைக்கே குடத்தை முக்க உரிமை இல்லாத ஊர்கள் இருந்தன. இன்றும் தனிக்கிணறு, தனிக் குழாய் உண்டு. தனிக் கல்லறையும் உண்டு என்பதை, கிறிஸ்தவர்களாகிய நாம் வெட்கத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அவளுடைய குடத்தைத் தொடக் கூடாது என்று அவருடைய இனம் சொல்லியிருந்தது. தாகத்தோடு அவர் கேட்ட அந்த ஒரு வாய்த் தண்ணீரில் எத்தனை சுவர்கள் விழுந்தன! குளத்தைத் தூர்வாரிவிட்டுப் படித்துறையில் சாதியை உட்கார வைப்போமானால், நாம் தோண்டியது ஈசாக்கின் முதல் கிணறுதான். அதன் பெயர் வாக்குவாதம்.

மூன்றாம் பாடம், சேர்ந்து கட்டுப்படுவது. சேர்ந்து உழைப்பது ஓரளவுக்கு எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மண்வெட்டியோடு வந்துவிடுவோம். சாப்பாடு போட்டால் இன்னும் அதிகம் பேர் வருவார்கள். ஆனால் குளம் நிரம்பிய பிறகு, என் தோட்டத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு விவசாயி தன் மோட்டாரை நிறுத்துகிறாரே, அதுதான் நோன்பு. கரும்பு போட்டால் காசு வரும் என்று தெரிந்தும், கீழே இருக்கும் ஊரை நினைத்துக் கடுகோ கோதுமையோ போடுகிறாரே, அதுதான் காணிக்கை. தவக்காலத்தில் இறைச்சியை விடுகிறோம். அண்டை வீட்டாரின் கிணறு வற்றாதிருப்பதற்காக நம் ஆழ்குழாயின் நேரத்தைக் குறைத்திருக்கிறோமா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில் இதைத்தான் நமக்கு உணர்த்தினார். பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்றார். சுற்றுச்சூழல் சார்ந்த மனமாற்றம் பற்றிப் பேசியபோது, தனி ஆள்கள் அங்கங்கே நல்லவர்களாக இருப்பது மட்டும் போதாது, சமூகம் முழுவதும் சேர்ந்து மனம் மாற வேண்டும் என்று வலியுறுத்தினார். ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் ஒவ்வொருவராகப் போய் மண்டியிடுகிறோம். ஊராகச் சேர்ந்து செய்த பாவத்துக்கு ஊராகத்தான் மண்டியிட வேண்டும். மண்வெட்டியைப் பிடித்துக் குனிவதும் ஒரு வகையில் அந்த மண்டியிடுதல்தான்.

இனி எங்கள் கதையின் மீதியைச் சொல்ல வேண்டும். அந்தக் கையடிக் குழாய் நின்றுபோன செய்தியை அன்பியக் கூட்டம் ஒன்றில் ஒரு தாய் எழுந்து சொன்னார். அந்தத் தெருப் பெண்களோடு நூறு நாள் வேலைக்குப் போகிறவர் அவர். "நம்ம கோயில் போர் போட்டப்புறம்தான் அவங்க குழாய் நின்னுபோச்சு. அவங்க நம்மளை ஒண்ணும் கேக்கலை. அதனாலதான் எனக்கு இன்னும் சங்கடமா இருக்கு" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம், தினமும் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் ஆலயக் குழாயை அந்தத் தெருவுக்குத் திறந்துவிடுவது என்று முடிவாயிற்று. சிறிய பரிகாரம்தான். ஆனால் ஊருணியைப் பற்றிய பேச்சு அந்தக் குழாயடியில்தான் தொடங்கியது.

கருவேலத்தை வெட்டினோம். தூர்வாரினோம். பிறகுதான் தெரிந்தது, ஊருணிக்கு நீர் வரும் வாய்க்கால் மூன்று ஊர்களைக் கடந்து வருகிறது என்று. ஓர் இடத்தில் அது கோயில் நிலத்தின் ஓரமாகப் போகிறது. ஓர் இடத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் வளைகிறது. ஓர் இடத்தில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நம் பங்குக் குடும்பம் ஒன்றே அதை மூடி மாட்டுத்தொழுவம் கட்டியிருந்தது. நாங்கள் நினைத்தது போல அது 'ஆலயத்து ஊருணி' அல்ல. மூன்று ஊர் மழையின் ஊருணி. கோயில் நிர்வாகத்தாரும் ஜமாத்தாரும் பங்குப்பேரவையும் முதன்முதலாக ஒரே திண்ணையில் உட்கார்ந்தது அந்த வாய்க்காலுக்காகத்தான். மாட்டுத்தொழுவத்தைப் பிரிக்கச் சொல்வதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று. அந்தக் குடும்பத்தார் எங்களோடு சில மாதங்கள் பேசவில்லை. பூசைக்கும் வரவில்லை. ஒரு நாள் அவர்களே கூரையைப் பிரித்தார்கள்.

முதல் மழைக்கு ஊருணியில் முழங்கால் அளவு நீர் நின்றது. அவ்வளவுதான். ஆறு ஒன்றும் ஓடவில்லை. பெரிய அற்புதம் நடந்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்தக் கையடிக் குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. ஆனால் அடுத்த பாஸ்காவுக்கு அந்த முதியவர் ஒரு செப்புக் குடத்தில் ஊருணி நீரை மொண்டு, துணியில் வடிகட்டி, பீடத்தின் அருகே கொண்டுவந்து வைத்தார். கொஞ்சம் கலங்கலாகத்தான் இருந்தது. அதைத்தான் மந்திரித்தோம்.

இந்த இறைவார்த்தைப் பகுதி எப்படி முடிகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஈசாக்கை விரட்டிய அபிமெலக்கு அவரைத் தேடி வருகிறான். ஆண்டவர் உம்மோடு இருப்பதைக் கண்டுகொண்டோம், சமாதானம் செய்துகொள்வோம் என்கிறான். ஈசாக்கு அவனைத் திட்டி அனுப்பவில்லை. விருந்து வைக்கிறார். சேர்ந்து உண்கிறார்கள். மறுநாள் அதிகாலையில் ஒருவருக்கொருவர் ஆணையிட்டுச் சமாதானத்தோடு பிரிகிறார்கள். அதே நாளில் ஈசாக்கின் வேலையாள்கள் ஓடி வந்து, தாங்கள் தோண்டிய கிணற்றில் தண்ணீர் கண்டோம் என்று சொல்கிறார்கள். சமாதானம் ஆன அன்றே தண்ணீர்.

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்வோம். உங்கள் அன்பியத்தில் மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, உங்கள் தெருவில் விழும் மழை எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே நடந்து பாருங்கள். எங்கே அது தடுக்கப்பட்டிருக்கிறது, யாருடைய வீட்டு வாசலில் நிற்கிறது, முன்பு எந்தக் குளத்தைச் சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டே போங்கள். வழியில் நம் பங்கு எல்லை முடிந்துவிடும். நின்றுவிடாதீர்கள். தண்ணீர் எதுவரை போகிறதோ அதுவரை நம் அண்டை வீட்டார் இருக்கிறார்கள்.

செபிப்போம். வானத்தையும் வையகத்தையும் படைத்த இறைவா, மழையை நல்லவர் மேலும் தீயவர் மேலும் பொழிபவரே, எங்கள் மறதியால் தூர்ந்த ஊற்றுகளுக்காகவும், எங்கள் ஆசையால் வற்றிய பிறருடைய கிணறுகளுக்காகவும் எங்களை மன்னித்தருளும். ஈசாக்கின் பொறுமையையும், சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட உம் திருமகனின் தாழ்ச்சியையும் எங்களுக்குத் தாரும். எல்லாருக்கும் இடமுள்ள கிணற்றை எங்கள் ஊரில் நாங்கள் சேர்ந்து தோண்டும்படி எங்கள் கைகளைப் பலப்படுத்தும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.